அல்வா ட்ரேயில் ஐயாயிரம் குமிழி: ஒழுங்கற்ற திண்மம் இடம் மாறுவதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி

போன மே மாதம் தங்கை மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் வந்து இறங்கினாள். எம்எஸ்ஸி இயற்பியல், கடைசி செமஸ்டர் புராஜெக்ட். கணினிக்குள் இரண்டு அளவில் சில ஆயிரம் துகள்களைக் கொட்டி, பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கிறாள். ஒவ்வொரு சாய்ப்புக்கும் துகள்களை அமர விட்டுத் தகைவு, அதாவது உள்ளே ஏறியிருக்கும் இறுக்கம், எவ்வளவு என்று குறிக்கிறாள். கோடு ஏறுகிறது, சட்டென்று ஒரு படி விழுகிறது, மறுபடி ஏறுகிறது, மறுபடி விழுகிறது. ரம்பப் பல் மாதிரி ஒரு வரைபடம்.

"எப்ப விழுதுன்னு தெரியுது மாமா. அங்க என்னதான் விழுதுன்னு தெரியல" என்றாள்.

நான் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சமன்பாடு எனக்கு அரைகுறை. திருகு, குழாய், தண்ணீர் என்றால் கை தானாகப் போகும். அவளுக்குக் காட்டுவதற்காக ஒரு வாரத்தில் சாப்பாட்டு மேசையில் கட்டியதுதான் இது. நீங்களும் கட்டலாம். முதல் முறை இரண்டு நாள் பிடிக்கும், கைப்பழக்கம் வந்துவிட்டால் ஒரு மணி நேரம்.

சீட்டுக்கட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பக்கவாட்டில் தள்ளுகிறோமே, அதுதான் ஷியர். அவள் பெட்டியைச் சாய்ப்பதும் இப்படித்தான். பள்ளிப் புத்தகத்தில் சறுக்குப் பெயர்ச்சி என்று இருக்கும். ஒழுங்கற்ற திண்மம் என்பது ஜன்னல் கண்ணாடி, பற்பசை, சவர நுரை, மணல் மேடு போன்றவை. கெட்டியாக நிற்கும். ஆனால் உள்ளே வரிசை கிடையாது. உப்புக் கல்லிலும் இரும்பிலும் அணுக்கள் நாற்று நட்ட வயல் மாதிரி வரிசையாக நிற்கின்றன. கண்ணாடிக்குள் அவை திருவிழாக் கூட்டம் மாதிரி நிற்கின்றன.

அணுவை வெறும் கண்ணால் பார்க்க முடியாது, குமிழியைப் பார்க்கலாம். 1947இல் கேம்பிரிட்ஜில் லாரன்ஸ் பிராக்கும் ஜான் நையும் சோப்புக் கரைசலின் மேல் ஒரே அளவுக் குமிழிகளை ஒற்றை அடுக்காக மிதக்கவிட்டு, உலோகத்துக்குள் அணுக்கள் எப்படி நகர்கின்றன என்று காட்டினார்கள். 1979இல் அமெரிக்காவின் எம்ஐடியில் அலி ஆர்கனும் குவோ என்பவரும் அதையே அளவு கலந்த குமிழிகளை வைத்துச் செய்தார்கள். வரிசை குலைந்த அந்தத் தெப்பம் உலோகக் கண்ணாடிக்கு, அதாவது உள்ளே அணு வரிசையில்லாத உலோகத்துக்கு, பதிலாள் ஆனது. நாம் செய்யப்போவது அந்த இரண்டையும்தான்.

தட்டும் கரைசலும்

ஸ்வீட் ஸ்டாலில் அல்வா பரப்பி வைக்கும் செவ்வக எவர்சில்வர் ட்ரே ஒன்று வேண்டும். என்னுடையது 45க்கு 30 செ.மீ. எவர்சில்வரின் பளபளப்பு படத்துக்கு ஆகாது. அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, நாலு மூலையிலும் கனமான நட்டு வைத்து அமுக்கிவிடுங்கள்.

கரைசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும். கேன் தண்ணீர் இரண்டரை லிட்டர், பாத்திரம் கழுவும் லிக்விட் 100 மி.லி., கிளிசரின் 250 மி.லி. கிளிசரினை மருந்துக் கடையில் சின்னச் சின்ன பாட்டிலாக வாங்கினால் கட்டுப்படியாகாது, கெமிக்கல் கடையில் அரை லிட்டராகக் கேளுங்கள். குமிழியின் தோல் சீக்கிரம் வற்றாமல் காப்பது அதுதான். நுரை வராமல் மெதுவாகக் கலக்கி, மூடி, ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். மறுநாள் ட்ரேயில் ஊற்றினால் இரண்டு செ.மீ. ஆழத்துக்கு நிற்கும்.

காற்று: இங்கேதான் பொறுமை வேண்டும்

மீன்தொட்டிக்கு வைக்கும் ஏர் பம்ப் போதும். ஆனால் அது துடித்துத் துடித்து ஊதும். அப்படியே ஊசியில் மாட்டினால் குமிழி பெரிதும் சிறிதுமாக வரும். பம்பிலிருந்து வரும் குழாயை முதலில் இரண்டு லிட்டர் காலி பாட்டிலுக்குள் விடுங்கள், துடிப்பு அதில் அடங்கும். பாட்டிலிலிருந்து வெளியே வரும் குழாயில் ஒரு டி-ஜாயின்ட் போடுங்கள். ஒரு கிளை ஊசிக்குப் போகிறது. இன்னொரு கிளையின் நுனி தனியாக ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் பத்து செ.மீ. ஆழத்தில் நிற்கட்டும். மிச்சக் காற்று அங்கே போய்க் கொப்பளித்து வெளியேறும், ஊசிக்குப் போகும் அழுத்தம் பத்து செ.மீ. தண்ணீரைத் தாண்டாது. கரண்டு ஏறி இறங்கினாலும் குமிழி மாறாது.

ஊசிக்குப் போகும் குழாயாக மருந்துக் கடையில் விற்கும் டிரிப் செட்டைப் பயன்படுத்துங்கள். அதில் உருளைக் கிளிப் இருக்கிறது, காற்றை மயிரிழையாகக் கட்டுப்படுத்தலாம். நுனியில் ஊசியும் அப்படியே பொருந்தும். ஊசியின் சாய்ந்த முனையை அரத்தால் கீறி ஒடித்து, வாயைச் சமமாகத் தேய்த்துவிடுங்கள். சாய்ந்த வாயில் குமிழி ஒரே அளவில் வராது, கையிலும் குத்தும்.

எந்த ஊசி? இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மெதுவாக ஊதும்போது குமிழியைப் பிடித்து வைப்பது ஊசி வாயின் விளிம்பில் உள்ள பரப்பு இழுவிசை, பிய்த்து மேலே கொண்டுபோவது மிதப்பு. இரண்டும் சமமாகும்போது குமிழி விடுபடும். கணக்குப் போட்டால் குமிழியின் விட்டம் துளை விட்டத்தின் கனமூலத்தைப் பொறுத்துத்தான் வளர்கிறது. துளையை இரண்டு மடங்கு ஆக்கினாலும் குமிழி கால் பங்குதான் பெரிதாகும். நமக்கு வேண்டியது 1.4 மடங்கு வித்தியாசம். கணினியில் இரு பரிமாணத்தில் செய்பவர்களும் பெரும்பாலும் 1க்கு 1.4, பாதிக்குப் பாதி என்ற கலவையைத்தான் எடுப்பார்கள், அதில் படிக வரிசை எளிதில் கட்டாது. 1.4 மடங்கு குமிழிக்குத் துளை கிட்டத்தட்ட 2.7 மடங்கு இருக்க வேண்டும். 24 கேஜ் ஊசியின் உள்விட்டம் சுமார் 0.31 மி.மீ., 18 கேஜுக்கு 0.84. கச்சிதம். கடைக்காரரிடம் கலர் சொல்லிக் கேட்டாலும் கொடுப்பார்: 24 கத்தரிப்பூ நிறம், 18 ரோஸ். குமிழிகள் முறையே ஒன்றே முக்கால் மி.மீ.க்கும், இரண்டரைக்குச் சற்றுக் குறைவாகவும் வரும்.

விநாடிக்கு ஐந்தாறு குமிழிக்கு மேல் ஊதாதீர்கள், வேகம் கூடினால் அளவு தாறுமாறாகும். ஊசியைக் கையில் பிடிக்கக் கூடாது. ஸ்டாண்டில் கட்டி, வாய் எப்போதும் ஒரே ஆழத்தில் நிற்கும்படி பாருங்கள்.

சீப்பும் சேனலும்

குமிழித் தெப்பத்தை இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் தள்ள வேண்டும். வழுவழுப்பான ஸ்கேலை வைத்தால் குமிழி ஒட்டாமல் வழுக்கிவிடும். பல் வேண்டும். பல இடங்களில் தேடி, கடைசியில் அகலப் பல் சீப்பில் வந்து நின்றேன். பற்களுக்கு நடுவே குமிழி ஒவ்வொன்றாக உட்கார்ந்துகொள்ளும். 20 செ.மீ. நீளத்தில் ஒரே மாதிரி இரண்டு. பேன் சீப்பு ஆகாது.

இந்தச் சீப்பில்தான் என் முதல் நாள் போயிற்று. கண்ணாடி மேசையிலிருந்து எடுத்த சீப்பை மேலோட்டமாகக் கழுவி மாட்டியிருந்தேன். அரை மணி நேரம் ஊதிய தெப்பம், சீப்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குச் சத்தமில்லாமல் மறைந்துபோனது. மறுபடி ஊதினேன், மறுபடி மறைந்தது. சோப்புதான் சரியில்லை என்று புதுக் கரைசலே கலக்கிவிட்டேன். தங்கை வந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, அதுல முப்பது வருஷத் தேங்காய் எண்ணெய் இருக்கு" என்றாள். எண்ணெயின் ஒரு துளி சோப்புத் தோலில் பரவினால் அந்த இடம் கிழிந்துவிடும். புதுச் சீப்பு வாங்குங்கள், அதையும் வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேயுங்கள். உங்கள் கையையும்தான்.

ஒரு சீப்பைப் படுக்கை வசமாக, பற்கள் உள்நோக்கி, பாதி முங்கும் உயரத்தில் எம்-சீல் வைத்து ட்ரேயின் ஒரு பக்கத்தோடு ஒட்டிவிடுங்கள். எதிர்ச் சீப்பு அதற்கு இணையாக, பல் நுனிக்குப் பல் நுனி சரியாக 10 செ.மீ. தள்ளி. இது ஓட வேண்டும். ஹார்டுவேர் கடையில் மேசை டிராயருக்குப் போடும் பத்து இஞ்ச் சேனல் ஒன்று வாங்கி, ட்ரேயின் விளிம்புக்கு மேலே மரக்கட்டையில் திருகி, ஓடும் பாகத்திலிருந்து ஒரு எல்-கிளாம்பைக் கீழே இறக்கிச் சீப்பை அதில் கட்டுங்கள்.

தள்ளுவதற்கு எம் 6 த்ரெட் ராடு. அதன் புரியிடை 1 மி.மீ. மரக்கட்டையில் புதைத்த நட்டு வழியாக ராடு சேனலின் முனையைத் தள்ளுகிறது. எதிர்ப்புறம் ஒரு ரப்பர் பேண்ட் இழுத்துப் பிடித்திருக்கிறது, அதனால் திருப்பிச் சுற்றும்போது லொடலொடப்பு இல்லை. இடைவெளி 100 மி.மீ., ஒரு சுற்று 1 மி.மீ. ஆகவே ஒரு சுற்று என்றால் ஒரு சதவீதத் திரிபு (தள்ளிய தூரத்தை இடைவெளியால் வகுத்தது). கணக்குப் போட மறந்தாலும் சுற்றை எண்ணினால் போதும்.

மேலே போனை அசையாமல் கட்டுங்கள். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்துவிடுங்கள், இயர்போன் பட்டனால் படமெடுங்கள். விளக்கு ஒரு பக்கத்தில் தாழ்வாக இருக்கட்டும். ஒவ்வொரு குமிழியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும், அந்தப் புள்ளியே குமிழியின் அடையாளம். ஃபேனை அணைத்துவிடுங்கள். மே மாதத்தில் இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான படி.

முதலில் ஒரே அளவு

எடுத்ததும் கலவைக்குப் போகாதீர்கள். 24 கேஜ் ஊசியை மட்டும் வைத்துச் சீப்புகளுக்கு நடுவே நிரப்புங்கள். தேனடை போல ஆறு பக்கத்துக் குமிழி சூழ வரிசை கட்டும். ஒரே வரிசையாகவும் இருக்காது. பாத்தி பாத்தியாக, ஒரு பாத்தியின் வரிசை ஒரு திசை, அடுத்ததன் வரிசை வேறு திசை.

பம்பை நிறுத்திவிட்டு மெதுவாகத் திருகுங்கள். ஒரு வரிசை திடீரென்று ஒரு குமிழி தூரம் நழுவும். உற்றுப் பார்த்தால் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் நழுவுவதில்லை. ஜமக்காளத்தில் விழுந்த மடிப்பைக் காலால் தள்ளிக்கொண்டே போவோமே, அது மாதிரி ஒரு குறை வரிசை நெடுக ஓடுகிறது. அந்த இடத்தில் ஒரு குமிழிக்கு ஐந்து அண்டை வீட்டார், அதை ஒட்டியதற்கு ஏழு. டிஸ்லொகேஷன் என்பது இதுதான். தள்ளுவதற்கு முன்பே விரல் வைத்து, 'இதோ இங்கே இருக்கிறது, இதுதான் ஓடப்போகிறது' என்று சொல்லிவிடலாம்.

இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தெப்பத்தில் இது நடக்காது.

இப்போது கலவை

பழைய தெப்பத்தை வழித்தெடுத்துவிட்டு, இரண்டு ஊசியையும் மாற்றி மாற்றி நிமிஷத்துக்கு நிமிஷம் ஊதுங்கள். அவ்வப்போது சுத்தமான ஸ்பூனால் கலக்கிவிடுங்கள், இல்லையென்றால் பெரியவை ஒரு பக்கம் சேர்ந்துகொள்ளும். 20க்கு 10 செ.மீ. பரப்பு நிரம்ப ஐயாயிரத்தை ஒட்டிக் குமிழி வேண்டும், கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். முடிந்ததும் ட்ரே விளிம்பு உயரத்துக்குக் கண்ணை இறக்கிப் பாருங்கள். நடவு வயல் மாதிரி எங்காவது வரிசை மின்னினால் இன்னும் கலக்க வேண்டும்.

ஒரு கால் சுற்று. பத்து விநாடி பொறுங்கள். படம். மறுபடி கால் சுற்று. இப்படி நாற்பது படம் எடுத்தால் பத்து சதவீதம் வந்துவிடும். வேகமாகச் சுற்றினால் அடியிலிருக்கும் தண்ணீரும் சேர்ந்து இழுக்கும், குமிழிகள் தாமாக அமர்வதைப் பார்க்க முடியாது. கணினியில் அவள் ஒவ்வொரு சாய்ப்புக்கும் துகள்களை அமர விடுகிறாளே, அந்தப் பத்து விநாடிதான் அது.

இரண்டு அடுத்தடுத்த படங்களைப் போனில் விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். தெப்பம் முழுவதும் கொஞ்சம் சாயும், அது சீரான அசைவு. அந்தச் சீரான அசைவுக்கு நடுவே ஓரிடம் மட்டும் கண் சிமிட்டும். பெரிதாக்கிப் பாருங்கள். நாலு குமிழி. முந்தைய படத்தில் மேலும் கீழும் உள்ள இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தன, இடமும் வலமும் விலகியிருந்தன. அடுத்த படத்தில் தொட்டவை பிரிந்துவிட்டன, விலகியவை தொட்டுக்கொண்டன. அவ்வளவுதான். அவற்றைச் சுற்றிப் பத்துப் பதினைந்து குமிழி கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்திருக்கும். பஸ்ஸில் ஒருத்தர் இறங்குவதற்காக நாலு பேர் உடம்பை வளைத்துக்கொள்வது மாதிரி.

தங்கை மகள் போனைப் பிடுங்கி நாலைந்து தடவை தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இவ்ளோதானா?" என்றாள். அவளுடைய வரைபடத்தில் விழும் ஒவ்வொரு சின்னப் படியும் இவ்வளவுதான். இதற்கு ஷியர் மாற்றப் பகுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கண்ணால் பார்ப்பது போதாதென்றால் இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்கலாம், மாறிய இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். எண்ணாக வேண்டுமென்றால் மைக்கேல் ஃபால்க்கும் ஜேம்ஸ் லேங்கரும் 1998இல் கொடுத்த அளவு இருக்கிறது. ஒரு குமிழியைச் சுற்றி இரண்டு மூன்று குமிழி தூரத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் இருப்பவை எல்லாம் ஒரே மாதிரி இழுபட்டு, சாய்ந்து, சுழன்றிருந்தால் எங்கே போயிருக்கும் என்று மிக நெருக்கமாகப் பொருந்தும் கணக்கைக் கண்டுபிடியுங்கள். அதை உண்மையான இடத்திலிருந்து கழியுங்கள். மிச்சத்தை வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். சீராக நகர்ந்த இடத்தில் மிச்சம் சுழிக்குப் பக்கம், இடம் மாறிய இடத்தில் பெரிதாக இருக்கும். அவள் இதை ஒரு சாயங்காலத்தில் பைத்தானில் எழுதிவிட்டாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

ஒரு பந்தயம் கட்டிப் பாருங்கள்

இந்தப் பகுதியை யாரும் தாண்டிப் போக வேண்டாம். திருகுவதற்கு முன், படத்தைப் பிரின்ட் எடுத்து, அடுத்த நாலு சுற்றுக்குள் எங்கே கண் சிமிட்டும் என்று ஆளுக்குப் பத்து இடம் வட்டமிடுங்கள். நாங்கள் கால் கிலோ அல்வா பந்தயம் கட்டினோம். நான் கண் போன போக்கில், இடைவெளி அதிகமாகத் தெரிந்த இடங்களில் வட்டமிட்டேன். அவள் ஐந்து அண்டை, ஏழு அண்டை எங்கே சேர்ந்திருக்கிறது என்று எண்ணி வட்டமிட்டாள். அவளுக்கு இரண்டு பலித்தது, எனக்கு ஒன்று.

படிகத்தில் விரல் வைத்துக் காட்ட முடிந்ததே, இங்கே ஏன் முடியவில்லை? ஐந்தும் ஏழும் இங்கே தெப்பம் முழுக்க இறைந்து கிடக்கின்றன. எல்லோருமே வரிசை தப்பி நிற்கும் கூட்டத்தில் யாரைக் குறை சொல்வது? எந்த இடம் தளர்ந்தது என்பது நிற்கும் கோலத்தை மட்டும் பொறுத்ததில்லை, எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதையும் பொறுத்தது. இதே தெப்பத்தை எதிர்ப்பக்கம் திருகியிருந்தால் வேறு இடங்கள் சிமிட்டியிருக்கும். நின்ற படத்தை எவ்வளவு நேரம் முறைத்தாலும் விடை பாதிதான் கிடைக்கும், தள்ளிப் பார்த்தால்தான் மீதி.

எப்போது நிலை குலைகிறது

முதல் சில சுற்றுகளில் சிமிட்டல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல் வரும். ஐந்தாறு சுற்றைத் தாண்டும்போது குணம் மாறும். ஒரே கால் சுற்றில் ஒன்று சிமிட்ட, அதன் பக்கத்தில் இன்னொன்று, அதற்கும் அப்பால் இன்னொன்று என்று சங்கிலியாகப் போகும். என் தெப்பத்தில் ஏழாவது சுற்றில் ஒரு தடவை முப்பது குமிழிக்கு மேல் ஒரே மூச்சில் இடம் மாறின. அடுத்த சில சுற்றுகளில் ஓடும் சீப்புக்குப் பக்கத்தில் ஐந்தாறு குமிழி அகலத்துக்கு ஒரு பட்டை விழுந்தது. அதற்குப் பிறகு நான் எவ்வளவு திருகினாலும் நகர்வு முழுவதும் அந்தப் பட்டைக்குள்தான். மீதித் தெப்பம் சும்மா உட்கார்ந்திருந்தது.

ஏன் பட்டையாக விழ வேண்டும், ஏன் தெப்பம் முழுக்கப் பரவக் கூடாது? 1957இல் ஜான் எஷல்பி ஒரு கணக்குப் போட்டார்: பெரிய திண்மத்துக்குள் ஒரு சின்னத் துண்டு மட்டும் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டால் சுற்றிலும் தகைவு எப்படிப் பரவும்? ஷியருக்கு அந்த விடை நாலிதழ்க் கோலம் மாதிரி வரும். தள்ளும் திசையிலும் அதற்குக் குறுக்கேயும் சுமை கூடுகிறது, மூலைவாட்டில் குறைகிறது. ஆக, இடம் மாறிய நாலு குமிழி தன் சுமையை இறக்கி, தள்ளும் திசையில் இருக்கும் பக்கத்துக்காரர் தலையில் வைக்கிறது. அவர் ஏற்கெனவே தளர்ந்தவர் என்றால் அவரும் விடுகிறார். இப்படியே ஒரே கோட்டில் விட்டுக்கொண்டு போனால் அது பட்டை.

இன்னொரு காரணமும் படத்தில் தெரியும். பட்டைக்குள் கறுப்பு இடைவெளிகள் கூடியிருக்கும். நெருக்கமாக அடுக்கியவை ஒன்றை ஒன்று தாண்டிப் போக வேண்டுமென்றால் கொஞ்சம் விரிந்தாக வேண்டும். ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் மணலை வைத்துச் சொன்னது இது. கடற்கரையில் ஈர மணலில் கால் வைத்தால் பாதத்தைச் சுற்றி ஒரு கணம் உலர்ந்து வெளுக்கிறதே, மிதியில் மணல் விரிந்து மேலே நின்ற தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்வதுதான் காரணம். விரிந்த இடம் இன்னும் தளர்ந்த இடம். அடுத்த நகர்வும் அங்கேயே நடக்கும்.

உலோகக் கண்ணாடியின் தலைவலி இதுதான். 1960இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தில் போல் டுவேயின் குழு, தங்கமும் சிலிக்கானும் கலந்த உருகலை விநாடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற அளவில் குளிரவைத்து வரிசையில்லாத உலோகத்தைச் செய்தார்கள். இந்த வகைப் பொருள்கள் சுமார் இரண்டு சதவீதம் வரை வளைந்து அப்படியே திரும்பும், சாதாரண உலோகத்தால் அது முடியாது. அதைத் தாண்டினால் பத்து இருபது நானோமீட்டர் தடிமனில் ஒரு பட்டை விழும். இழுவையில் பெரும்பாலும் அந்தப் பட்டையோடு கதை முடிந்துவிடும்.

நேரமிருந்தால் ஒரு மாறுதல் செய்து பாருங்கள். புதுத் தெப்பத்தை நிரப்பியதும், ஊசியை மூடிவிட்டு, ஓடும் பம்பை ட்ரேயோடு ஒட்டிப் பத்து நிமிஷம் வையுங்கள். அந்த அதிர்வில் குமிழிகள் நன்றாக அமர்ந்துகொள்ளும். பிறகு திருகினால் ஆரம்பத்தில் சிமிட்டல் குறைவாக இருக்கும், அதிகம் தாங்கும், விடும்போது ஒரேயடியாக விடும். கலக்கியதும் திருகிய தெப்பம் அப்படி இல்லை, முதலிலிருந்தே பிசுபிசுவென்று இளகிக்கொண்டே போகும். கணினியில் ஆற அமரக் குளிரவைத்த கண்ணாடிக்கும் அவசரமாகக் குளிரவைத்ததற்கும் இதே வித்தியாசம்தான் என்றாள் அவள்.

முன்னும் பின்னும்

எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதி. இரண்டு சுற்று முன்னே, நாலு சுற்று பின்னே, மறுபடி இரண்டு முன்னே. தொடங்கிய இடத்துக்கு வந்ததும் ஒரு படம். இதையே பத்துப் பன்னிரண்டு தடவை செய்து, தொடங்கிய இடத்துப் படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் சில தடவை படம் மாறிக்கொண்டே இருக்கும். பிறகு மாற்றம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் என் தெப்பத்தில் அடுத்தடுத்த இரண்டு படத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நடுவில் எடுத்த படங்களைப் பார்த்தால் சிமிட்டல் இருக்கத்தான் செய்கிறது. போகும்போது அந்த நாலு குமிழி இடம் மாறுகிறது, திரும்பும்போது அதே நாலும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. தெப்பம் அந்த வழியைப் பழகிக்கொண்டது.

இப்போது எட்டு சுற்று முன்னே, பதினாறு பின்னே. எத்தனை தடவை செய்தாலும் பழைய படம் திரும்பி வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் எல்லை இருக்கிறது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையத்தில் ஸ்ரீகாந்த் சாஸ்திரியின் குழு 2017இல் கணினிக்குள் உருவாக்கிய கண்ணாடியை இப்படி முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தது. ஆட்டத்தின் அளவைக் கூட்டக் கூட்ட, எல்லை வரைக்கும் கண்ணாடி மேலும் மேலும் நன்றாக அமர்கிறது, எல்லையைத் தாண்டியதும் சட்டென்று நிலை மாறுகிறது. ஒரே பக்கமாகத் தள்ளும்போது இந்த எல்லை இவ்வளவு பளிச்சென்று தெரிவதில்லை. வீட்டில் செய்பவர்கள் இரண்டில் தொடங்கி அரை அரைச் சுற்றாகக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வோர் அளவுக்கும் புதுத் தெப்பம் வேண்டும். அங்கேதான் கிளிசரின் தீர்ந்துபோகும்.

குமிழிக்கும் கண்ணாடிக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். இது ஒற்றை அடுக்கு, நிஜக் கண்ணாடி முப்பரிமாணம். குமிழி சூட்டால் தானாகத் துள்ளாது, அணு துள்ளும். அதனால் நிஜக் கண்ணாடியில் தள்ளாமலேயே சில இடமாற்றம் நடக்கும், இங்கே நடக்காது. அரை மணி நேரத்துக்கு மேல் போனால் குமிழிகள் அங்கங்கே உடையத் தொடங்கும். உடைந்த ஓட்டையால் வந்த சிமிட்டலை ஷியர் கணக்கில் சேர்க்காதீர்கள். படத்தில் குமிழி எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

முடிந்ததும் ஊசிக்குள் வெந்நீர் விட்டு ஊதிவிடுங்கள், சோப்பு காய்ந்து அடைத்தால் அந்த ஊசி அவ்வளவுதான். தூக்கிப் போடும் ஊசிகளை மூடியுள்ள பாட்டிலில் போட்டு வையுங்கள், குப்பைக்காரர் கையில் குத்தும். கரைசலை வடிகட்டி பாட்டிலில் ஊற்றி வைத்தால் இன்னும் இரண்டு மூன்று தடவைக்கு வரும். அல்வா ட்ரேயைத் தங்கை இதுவரை திரும்பக் கேட்கவில்லை. சீப்புக்குப் பதில் புதுச் சீப்பு வாங்கிக் கொடுத்தாயிற்று. பந்தயத்தில் தோற்ற கால் கிலோவும்.